இன்பாக்ஸுக்குள் ஒரு நாற்காலி

முதலாளி தன் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். மண்டையை உடைத்துக்கொண்டு அவள் எழுதி அனுப்பிய நாற்காலி விளம்பரம், அவருடைய மெயிலிலேயே ஸ்பேம் பகுதியில் கிடந்தது. அதற்கு மேலே ஒரு லாட்டரிப் பரிசு, கீழே வழுக்கைத் தலைக்கு ஒரு தைலம்.

"என் கடை விளம்பரம் எனக்கே வந்து சேரல. ஊர்ல இருக்கற ஆபீஸுக்கெல்லாம் எப்படிம்மா போய்ச் சேரும்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான்.

ஆபீஸ் நாற்காலி விற்கும் கடை அது. கடையில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். ஒரு யோசனை தோன்றிவிட்டால் போதும், அது வெடித்து முடியும்வரை பக்கத்தில் யாரும் நிற்க முடியாது. பில் போட்டுக்கொண்டிருந்தவள், மெயில் அனுப்பியே நாற்காலி விற்றுக் காட்டுகிறேன் என்று சவால் விட்டுத் தனி மேசை வாங்கியிருந்தாள். அவளை நம்பி முதலாளியும் கிடங்கு நிறையச் சரக்கை இறக்கிவிட்டார். சரக்கு இறங்கிய இடத்திலேயே இருந்தது.

மாதக் கடைசிக்குள் கிடங்கு காலியாகாவிட்டால் மெயில் விற்பனைக்கு மூடுவிழா, அவள் பழையபடி பில் மேசைக்குப் போகலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். பில் மேசைக்குப் பக்கத்தில்தான் காசாளர் இருக்கிறார். "வாம்மா, உன் இடத்தைத் துடைச்சு வச்சிருக்கேன்" என்று அவர் இப்போதே பல்லைக் காட்டினார். பில் மேசையைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். அந்த ஆளின் சிரிப்பைத் தினமும் பார்த்துக்கொண்டு எப்படிக் குப்பை கொட்டுவது?

மெயிலைப் படித்துப் பார்த்து மார்க் போடும் தளம் ஒன்றைத் தேடிப் பிடித்தாள். அது ஈவு இரக்கமில்லாத வாத்தியார். பத்துக்கு மூன்று போட்டது. வரிக்கு வரி 'இலவசம்', பார்க்கும் இடமெல்லாம் ஆச்சரியக்குறி, திரையை அடைத்துக்கொண்டு ஒரு படம், இதெல்லாம் ஏமாற்றுக்காரர்களின் லட்சணம் என்று சொல்லியது. பட்டாசுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அத்தனையையும் அடித்துத் திருத்தினாள். மார்க் ஒன்பதுக்கு ஏறியதும் நாற்காலியிலேயே ஒரு சுற்றுச் சுற்றினாள்.

மறுநாள் காலை அனுப்பிய மெயில் ஜம்மென்று ஆபீஸ்களின் இன்பாக்ஸில் போய் உட்கார்ந்தது. போன்கூட வந்தது. மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் பழைய குருடி கதவைத் திறடி. எல்லாம் மறுபடியும் ஸ்பேமில்.

தொங்கிய முகத்தோடு வீட்டுக்கு வந்தாள். கணவரோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே செருப்பைக் கழற்றினார். அவருக்கு ஏதோ பாதுகாப்புக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. ஆபீஸ் விஷயத்தை வெளியே பேச மாட்டேன் என்று சேரும்போதே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். சாதாரணமாகவே வாயைத் திறக்காத மனிதர், அதனால் அந்த விதி அவருக்கு ஒரு கஷ்டமாகவே தெரியவில்லை. அவளும் கிளறிக் கேட்டதில்லை. மாமியார் மட்டும் விட மாட்டார். அவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாரே தவிர அவருடைய காது ஓய்வு பெறவில்லை.

"பாருங்க அத்தை, நான் நொந்து நூலாகி வந்திருக்கேன், இவருக்குப் பாட்டு வருது" என்றாள்.

கணவர் உடனே பாட்டை நிறுத்திவிட்டு, தனக்கு இன்று ஆபீஸில் நல்ல நாள் என்று மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார். சாப்பிடும்போது அவள் தன் கதையை ஒப்பித்தாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, வாசகத்தை மட்டும் திருத்தினால் பத்தாது என்றார். மெயில் உண்மையிலேயே கடையிலிருந்துதான் வருகிறது என்பதற்கு ஒரு முத்திரை உண்டு, அது இல்லாவிட்டால் வாசலோடு நிறுத்திவிடுவார்கள் என்றார். கணவர் இத்தனை வாக்கியங்களைச் சேர்ந்தாற்போல் பேசி அவள் கேட்டதே இல்லை. அந்தச் சந்தோஷத்தில் இன்னொரு கரண்டி சாதம் போட்டாள்.

மறுநாள் கடைக்கு வரும் நெட்வொர்க்குக்காரரைப் பிடித்து முத்திரையைப் போட்டாயிற்று. முத்திரை இல்லாமல் கடை பெயரில் எது வந்தாலும் தூக்கிப் போடும்படி மெயில் வாங்குகிற இடங்களுக்குச் சொல்லிவைக்கலாமா என்று அவர் கேட்டார். தாராளமாக என்றாள் பட்டாசு. அவளுடைய விளம்பரம் ராஜநடை போட்டது. ஆனால் கடையின் பில் கம்ப்யூட்டர் தனியாக மெயில் அனுப்பிக்கொண்டிருந்ததை யாரும் யோசிக்கவில்லை. அதற்கு ஏது முத்திரை? பில்லும் டெலிவரித் தகவலும் போன இடம் தெரியவில்லை. நாற்காலி ஏற்றிய வண்டி ஓர் ஆபீஸ் வாசலில் போய் நின்றது. அங்கே யாருக்கும் தகவல் இல்லாததால் காவலாளி கேட்டைத் திறக்கவில்லை. டிரைவர் வண்டியிலிருந்து ஒரு நாற்காலியை இறக்கிப் போட்டு அதிலேயே உட்கார்ந்து மத்தியானம் முழுக்கத் தூங்கினார்.

அதைச் சரிசெய்து நிமிர்வதற்குள் விளம்பரத்துக்கும் கதவு சாத்தியாகிவிட்டது. முத்திரை சரிதான், ஒரே நேரத்தில் இத்தனை பேருக்கா என்று அதற்கு ஒரு குற்றச்சாட்டு. அன்று கணவர் ஐஸ்கிரீம் டப்பாவோடு வந்தார். அவள் அழுதுகொண்டே பாதி டப்பாவைக் காலி செய்தாள்.

விடுவாளா? அடுத்து மெயிலைச் சூடேற்றும் கருவி ஒன்றைக் கண்டுபிடித்தாள். வருகிற மெயிலைச் சலித்து ஸ்பேமில் தள்ளும் வடிகட்டிகள் பழகாத முகவரியை நம்பாதாம். அதனால் இந்தக் கருவி நம் முகவரியிலிருந்து தன் முகவரிகளுக்குத் தானே எழுதும், தானே திறக்கும், தானே பதில் போடும். இவருக்குத்தான் எத்தனை சிநேகிதர்கள் என்று வடிகட்டி அசந்துபோக வேண்டும், அதுதான் ஏற்பாடு. அவசரத்தில் கடை முகவரிகளோடு முதலாளியின் முகவரியையும் சேர்த்துவிட்டாள். அங்கேதான் வந்தது வினை.

முதலாளி அவளைத் தனியாகக் கூப்பிட்டார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"யாரோ ஒரு நல்ல மனுஷர்மா. தினமும் நலம் விசாரிக்கிறார். என் கருத்தை ரொம்ப ரசிச்சதா எழுதியிருக்கார். இந்த ஊர்ல என் கருத்தை யாரு ரசிச்சிருக்கா, நீயே சொல்லு."

மாப்பிள்ளையோடு தனக்கிருக்கும் மனத்தாங்கலை முதலாளி அவருக்கு விலாவாரியாக எழுதியிருந்தார். மிகவும் பயனுள்ள தகவல், தொடர்ந்து எழுதுங்கள் என்று பதில் வந்திருந்தது. அதை அவர் இரண்டு தடவை படித்துக் காட்டினார். ஒருநாள் அந்த மனிதரைக் கடைக்கு வரச்சொல்லி நல்ல நாற்காலியாக ஒன்று பரிசு கொடுக்கப்போகிறாராம். இதைக் கேட்ட பிறகு எந்த வாயால் உண்மையைச் சொல்வது? பட்டாசு நமுத்துப்போய் வெளியே வந்தாள்.

இத்தனைக்கும் பலன் உண்டா என்றால் அதுவும் இல்லை. இது இயந்திரங்கள் தங்களுக்குள் அடிக்கிற அரட்டை என்று எங்கேயோ எவனோ கண்டுபிடித்து, கதவை இழுத்துச் சாத்தித் தாழும் போட்டுவிட்டான். கருவியை நிறுத்தினாள். முதலாளியின் சிநேகிதரை மட்டும் நிறுத்த மனம் வரவில்லை.

அன்றும் கணவர் பாட்டோடுதான் வந்தார். அழுகிறவள் எதிரில் என்னடா பாட்டு என்று மாமியார் அதட்டியதும் அடங்கினார். பிறகு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மெஷினை ஏமாத்தப் பார்க்காதே. நிஜ மனுஷங்க ஆசையாப் பதில் போடற மெயிலை எந்த வடிகட்டியாலயும் தடுக்க முடியாது. நல்லவேளை, அது எவனுக்கும் தோணறதில்ல" என்றார்.

பட்டாசுக்குத் திரி பற்றிக்கொண்டது.

முகம் தெரியாத முகவரிகளையெல்லாம் கழித்துக்கட்டினாள். எப்போதாவது கடைக்கு வந்தவர்கள், விலை கேட்டவர்கள், இவர்கள் போதும். படம் இல்லை, தள்ளுபடி இல்லை. 'உங்கள் ஆபீஸில் யாருமே உட்கார விரும்பாத நாற்காலி ஒன்று இருக்கிறதா? அதற்கு என்ன குறை?' என்று கேட்டு, கீழே 'நாற்காலிக் கடையில் முன்பு பில் போட்டவள்' என்று எழுதினாள். கொஞ்சம் கொஞ்சமாக, கைக்கு அடக்கமாக அனுப்பினாள்.

இப்படி ஒரு கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று உலகமே காத்திருந்தது போலிருக்கிறது. பதில்கள் கொட்டின. ஒருவருடைய நாற்காலி முன்பக்கம் சாய்கிறதாம், அதனால் மீட்டிங்கில் மேலாளர் எது சொன்னாலும் அவர் தலையாட்டுகிற மாதிரி தெரிகிறதாம். இன்னொருவர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது கேள்வி கேட்டுக்கொண்டே மேசைக்குக் கீழே இறங்கிப் போய்விட்டாராம். ஒரு ஆபீஸில் அந்த நாற்காலியைப் புதிதாகச் சேருகிறவர் தலையில் கட்டுவதே வழக்கமாம். அவள் சிரித்துச் சிரித்து ஒவ்வொருவருக்கும் பதில் போட்டாள். எழுதியவர்கள் பக்கத்து ஆபீஸுக்கும் அனுப்பி வைத்தார்கள். ஒரு மெயில்கூட ஸ்பேமுக்குப் போகவில்லை. சிரித்து முடித்தவர்கள், சரி, புது நாற்காலி என்ன விலை என்று கேட்டார்கள்.

மாதக் கடைசி நாளில் கிடங்கு துடைத்துவிட்டாற்போல் காலி. கடையில் பார்வைக்கு வைத்திருந்தவையும் போய்விட்டன. கடைசி ஆர்டருக்கு ஒன்று குறைந்தபோது முதலாளி காசாளரை எழுப்பிவிட்டு, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் துடைத்து வண்டியில் ஏற்றினார். மனிதர் சாயங்காலம்வரை நின்றுகொண்டே கல்லாவைப் பார்த்தார். மெயில் விற்பனை முழுவதும் இனி உன் பொறுப்பு என்று முதலாளி எல்லோர் முன்னாலும் அவளிடம் சொன்னார். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பெரிய இனிப்புப் பெட்டியாகப் பார்த்து வாங்கிக்கொண்டு, தெரு முனையிலிருந்தே ஓட்டமும் நடையுமாக வந்தாள். வாசலிலேயே கத்த ஆரம்பித்தாள். அத்தை, ஜெயிச்சுட்டேன், எல்லாம் உங்க பையன் சொன்ன யோசனைதான், எங்கே அவரு, முதல் இனிப்பு அவருக்குத்தான் என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே பெட்டியைப் பிரித்தாள். கூடத்தில் டிவி அணைந்திருந்தது. படுக்கையறையில் கணவர் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மாமியார் உதட்டில் விரலை வைத்து அவளை ஓரமாக இழுத்தார்.

"மெதுவாப் பேசும்மா, அவனே நொந்து போயிருக்கான். ஆபீஸுங்களுக்கு வர்ற மெயிலை வடிகட்டறதுதான் அவன் வேலையாம், அவன் திரையில பேர் தெரியாம வெறும் நம்பரா வர்ற எவனோ ஒருத்தனை இந்த மாசம் பூரா வாசல்லயே வச்சு மறிச்சானாம், கடைசியில அந்தப் பாவி உள்ள பூந்து ஊர் முழுக்க நாற்காலி வித்துட்டானாம்."