பாளையம்பட்டி செக்கரும் ‘ஆமா’ என்ற சொல்லும்

பாளையம்பட்டி செக்கரைவிடப் பெரிய சந்தேகக்காரர் ஒருவரைக் கடவுள் படைத்திருந்தால், அந்த ஆள் இன்னும் பிறந்திருக்க மாட்டார். வெளியே வருவது பாதுகாப்புதானா என்று தாய் வயிற்றுக்குள்ளிருந்தே விசாரித்துக்கொண்டிருப்பார்.

பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். எங்கள் தெருவில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. ஓய்வு பெற்றதும் பஸ் போய்விட்டது, சந்தேகம் மட்டும் சர்வீஸில் இருந்தது. அதை எந்த ரூட்டில் விடலாம் என்று தேடியவருக்கு ஆஸ்பத்திரி கிடைத்தது. தெருவில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் கூடவே போவார். கூப்பிட வேண்டியதில்லை. நாம் ஏறும் டவுன் பஸ்ஸில் நமக்கு முன்னாலேயே ஏறி உட்கார்ந்திருப்பார்.

ஒருமுறை எதிர்வீட்டுத் தறிக்காரருக்கு முதுகுவலி. டாக்டர் தலை நிமிராமல் மருந்து எழுத ஆரம்பித்தார். செக்கர் குனிந்து, பேனாவுக்கும் டாக்டருக்கும் நடுவில் தன் முகத்தை நீட்டினார்.

“டாக்டரு, நோயாளி இந்தப் பக்கம் இருக்காரு.”

“தெரியுதுங்க.”

“நீங்க பாக்கலையே. டிக்கெட்டப் பாக்காமக் கிழிக்க நாங்களே பயப்படுவோம். சரி, நீங்க எங்க ஏறுனீக?”

“மதுரையில இருந்து கார்ல வாரேன். எதுக்குக் கேக்குறீங்க?”

“அதில்ல டாக்டரு. படிப்புல.”

சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைக் கண்ணாடி போட்டு ஒருமுறை, கழற்றி ஒருமுறை படித்துவிட்டுத்தான் தறிக்காரரைச் சட்டையைக் கழற்ற விட்டார். ஆஸ்பத்திரிக் கடிகாரத்தைத் தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கமும் அவருக்கு உண்டு. இரண்டும் ஒரே நேரம் காட்டினால் இரண்டையும் சந்தேகப்படுவார்.

ஆனால் டாக்டர்கள் கெட்டவர்கள் என்று அவர் சொன்னதே இல்லை. “களவாணிப்பய கொஞ்சம்தான் தம்பி. மத்ததெல்லாம் அவசரம். காலையில டூட்டி பாத்த புள்ள ராத்திரி டூட்டி புள்ளகிட்ட ஒரு வார்த்தை சொல்ல மறந்துரும். ஒருத்தர் ரத்தத்த இன்னொருத்தர் பேருல எழுதிரும். அது கூடப் பரவால்ல. நம்மாளு ஒருத்தன் ‘ஆமா’ம்பான் பாருங்க, அதுதான் ஆளக் கொல்லும்.”

இதுதான் அவர் வாழ்நாள் ஆராய்ச்சி. கேள்வி முடிவதற்குள் ‘ஆமா’ என்று சொல்லும் பயணியிடம் டிக்கெட் இருக்காது என்பது அவர் பஸ்ஸில் கண்டுபிடித்தது. ஆஸ்பத்திரியில் எல்லோருமே அந்தப் பயணிதான் என்பது பிறகு கண்டுபிடித்தது. “‘எந்த மருந்தும் ஒத்துக்காமப் போனதில்லையே?’ன்னு நர்ஸு கேக்கும். இவன் ‘ஆமா’ம்பான். என்ன ஆமா? ஒத்துக்கிருச்சா, ஒத்துக்கலையா?” பஸ்ஸில் போகும்போதே நோயாளிக்குப் பாடம் நடக்கும். பெயர் கேட்டால் ஆமா சொல்லாதே, பெயரைச் சொல். கையெழுத்துக் கேட்டால் எதற்கு என்று கேள். இறங்குவதற்குள் காய்ச்சல்காரருக்குக் காய்ச்சலோடு நடுக்கமும் சேர்ந்திருக்கும்.

என் அக்கா மாரித்தாய்க்கு மட்டும் அவரைப் பிடிக்காது. திருச்சுழிப் பக்கம் பருத்தியும் கொத்தமல்லியும் விதைக்கும் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். வலது கண்ணில் புரை விழுந்து, ஆபரேஷன் செய்ய என் வீட்டுக்கு வந்திருந்தாள். இடது கண் நன்றாகத் தெரிந்தது. அதை வைத்துத்தான் காடும் அடுப்பும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் குடுத்த மோர மோந்து பாத்துட்டுக் குடிச்ச மனுசன்ல அவரு? அந்தாளு வந்தா நான் வரல” என்றாள்.

செக்கர் அடுத்த பஸ்ஸில் வந்தார்.

டவுனில் ஒரு தனியார் கண் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் கவுன்டரில் நின்றேன். செக்கர் மருந்துக் கடையில் அட்டை அட்டையாகத் தேதி பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் ஒரு நர்ஸ் வந்து கேட்டிருக்கிறது.

“மாரியம்மாதானே?”

“ஆமா தாயி.”

“இடது கண்ணுதானே?”

“ஆமா தாயி.”

இடது கண் ஆபரேஷனுக்கு வந்த மாரியம்மாள் என்பவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் பாத்ரூம் போயிருந்தார். கண் பாவையை விரிக்கும் சொட்டு மருந்து அக்காவின் நல்ல கண்ணில் விழுந்தது. ஆபரேஷன் எந்தக் கண்ணுக்கு என்று காட்டும் ஸ்டிக்கரும் இடது புருவத்துக்கு மேல் ஏறியது. செக்கர் திரும்பி வந்து அதைப் பார்த்தார்.

“ஹோல்டான்!”

ஓடும் பஸ்ஸை நிறுத்தும் குரல் அது. மிகைப்படுத்தவில்லை, வெளியே போன ஆட்டோ நின்று, யார் கூப்பிட்டது என்று டிரைவர் உள்ளே வந்து கேட்டார்.

அக்காவுக்கு அதற்குள் நல்ல கண்ணும் மங்க ஆரம்பித்துவிட்டது. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “ஏலே, இருந்த ஒண்ணும் போச்சேடா!” என்று அழுதாள்.

டாக்டர் ஓடிவந்தார். பார்த்தார். ஸ்டிக்கரைத் தன் கையாலேயே உரித்தார். மருந்தின் வேகம் சில மணி நேரத்தில் தணிந்துவிடும், கண்ணுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லி, மன்னிப்பும் கேட்டார். “உள்ள கூட்டிட்டுப் போனதும் இன்னொரு தடவ பேரு கேட்டுச் சரிபாப்போம்மா. அங்க தெரிஞ்சிருக்கும்” என்றார்.

“அங்கயும் இந்தம்மா ஆமான்னுதான் சொல்லும்!” என்றார் செக்கர்.

ஆபரேஷன் தள்ளிப்போனது. அக்காவுக்குப் பார்வை திரும்பியது. செக்கருக்குத்தான் தூக்கம் திரும்பவில்லை. மறுநாள் என்னை வக்கீல் ஒருவரிடம் இழுத்துப்போனார்.

வக்கீல் பொறுமைசாலி. “காசு குடுத்துப் பாத்த வைத்தியம்தானே? நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், ரெண்டு வருசத்துக்குள்ள. மொதல்ல ஆஸ்பத்திரியில எழுதிக் கேட்டு, வைத்தியக் குறிப்போட நகல வாங்குங்க. அது உங்க உரிமை. சரி, அம்மாவுக்கு என்ன பாதிப்பு?”

“பாதிப்பு இல்ல. நான் வந்துட்டேன்ல.”

“அப்ப நஷ்டஈடு கேக்குறது கஷ்டம்ணே. தப்பு நடந்தா மட்டும் பத்தாது. அந்தத் தப்பாலதான் கெடுதல் வந்துச்சுன்னு நிரூபிக்கணும்.”

செக்கர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “என்ன வக்கீலய்யா பேசுறீக? டிக்கெட் எடுக்காதவனப் பிடிச்சா, பஸ்ஸு கவுந்தாத்தான் ஃபைன் போடுவீகளா?”

வக்கீல் சிரித்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தார். செக்கர் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் குடித்தார்.

“அப்ப போலீஸு?”

“போலீஸுக்குன்னா ரொம்பப் பெரிய கவனக்குறைவா இருக்கணும். வேற டாக்டர் ஒருத்தரு பாத்து, ஆமா இது தப்புன்னு கருத்துச் சொல்லணும்.”

“பாத்தீகளா தம்பி? அங்கயும் ஒருத்தன் ஆமா சொல்லணுமாம்!”

டாக்டரின் நடத்தை பற்றி மருத்துவ கவுன்சிலுக்கு எழுதலாம், அங்கே பணம் கிடைக்காது, விசாரணை நடக்கும் என்றார் வக்கீல். முடிவு அக்காவிடம் வந்தது.

“கேஸும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அதே ஆஸ்பத்திரியிலயே பண்ணிக்கிறேன்” என்றாள். “வேற எடத்துல புதுசாத் தப்புப் பண்ணுவாக. இவுக இனி முழிச்சிருப்பாக.”

அக்கா சொன்னதில் ஓட்டை தேடிப் பார்த்தார் செக்கர், கிடைக்கவில்லை. பிறகு சொன்னார்: “சரி. ஆனா என்ன நடந்துச்சுன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, அவுககிட்ட ஒரு நகல் குடுப்போம். அதுக்கு வக்கீல் தேவையில்ல.” கொடுத்தோம். டாக்டர் நின்றுகொண்டே வாங்கிக்கொண்டார்.

ஆபரேஷன் நாளன்று அதே நர்ஸ் வந்தது. “உங்க பேரு என்னம்மா? எந்தக் கண்ணுன்னு நீங்களே தொட்டுக் காட்டுங்க” என்றது. கேட்டது அக்காவிடம், முறைத்தது செக்கரை. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டு அவிழ்த்த பிறகு அக்கா ஊருக்குப் போய், மல்லி கல் மண் இல்லாமல் புடைத்து ஒரு பை கொடுத்துவிட்டாள். எனக்கு என்று நினைத்தேன். இல்லை.

இப்போது இடது கண்ணிலும் புரை தட்டியிருக்கிறது. போன வாரம் ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்தார்கள். அக்காவிடம் சொன்னேன்.

“அன்னைக்கு அவுகளுக்குத் தோதுப்படுமான்னு கேட்டியா?” என்றாள்.

“எவுகளுக்கு?”

“செக்கர் தம்பிக்குத்தான். அவுக வராம நான் எங்க போக?”

அவள் எதிரிலேயே ஸ்பீக்கரில் போன் போட்டேன். தேதியைச் சொன்னேன், இடது கண் என்றேன்.

“யாருக்கு எடது? அக்காவுக்கா, எதுத்தாப்புல நிக்கிற டாக்டருக்கா?” என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் அக்கா போனை வாங்கிக்கொண்டாள்.

“நீங்களே வந்து பாத்துச் சொல்லுங்க தம்பி. மோரு எடுத்து வைக்கிறேன்.”