ரோட்டோரத்து இருபது சென்ட் குறித்து அண்ணனுக்கு

தருமபுரி,
மாசி மாதம், சனிக்கிழமை.

மரியாதைக்குரிய அண்ணன் காளியப்பன் அவர்களுக்கு,

தங்கை கலைமணி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் சுகம். அங்கே உங்கள் முழங்கால், அண்ணியின் சர்க்கரை, சினை மாடு ஆகிய மூன்றும் ஒரு கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். பொங்கல் சீராக நீங்கள் கொண்டுவந்து வைத்த சாமை மூட்டையும் புளியும் பத்திரமாக உள்ளன. புடவையும் நன்றாகவே இருக்கிறது. பதினான்கு வருடமாக ஒரே பச்சை என்பதால் எது எந்த வருடத்தது என்பதில் மட்டும் எனக்குக் குழப்பம். போன் செய்யாமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் உங்கள் குரலைக் கேட்டால் "சாப்பிட்டீங்களா" என்பதற்கு மேல் எனக்கு வாய் எழும்பாது. கல்லூரியில் அறுபது மாணவிகள் முன்னால் ஒரு மணி நேரம் பொருளாதாரம் பேசுகிறவள்தான், இருந்தும் அப்படித்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் கம்பைநல்லூரில் செல்லியின் தலைமையில் பதினெட்டுப் பெண்கள் சங்கமாகச் சேர்ந்து புளி உடைப்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் மரத்துப் புளிக்கும் அவர்கள்தான் கொட்டை எடுக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கூரை கிடையாது. கோடை மழை இறங்கினால் புளி கறுத்துவிடும் என்று பயந்து, வியாபாரி சொன்ன விலைக்கு அன்றைக்கே தள்ளிவிடுகிறார்கள். நம் நாட்டையும் சேர்த்து மூன்று நாட்டுப் பெண்கள் அமைப்புகள் கைகோத்து, பெண்கள் சொந்தக் காலில் தொழில் செய்ய அங்கங்கே உதவுகின்றன. அவர்கள் இங்கே ஒரு குடோன் கட்டித்தரத் தயார். இடம் பார்க்க நார்வேயிலிருந்து ஹெல்கா என்ற அம்மையாரும் கென்யாவிலிருந்து வஞ்சிரு என்ற அம்மையாரும் போன வியாழக்கிழமை வந்தார்கள். மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று கல்லூரியில் என்னைப் பிடித்து அனுப்பினார்கள். இந்த மாதிரி வருகைகளில் எனக்கு நம்பிக்கை கிடையாது. குத்துவிளக்கு, சால்வை, குரூப் போட்டோ, அப்புறம் ஓர் அறிக்கை, அவ்வளவுதான். அந்த அவநம்பிக்கையை முகத்தில் மாட்டிக்கொண்டு, பெண்களின் பொருளாதாரப் பங்கேற்பு பற்றி ஆறு பக்கக் குறிப்பையும் எடுத்துக்கொண்டு போனேன்.

குறிப்பு முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு "பாலினச் சமத்துவம் என்பது" என்று தொடங்குவதற்குள், வஞ்சிரு அம்மையார் சாக்கின் மேல் உட்கார்ந்து சுத்தியலை எடுத்துப் புளி உடைக்க ஆரம்பித்துவிட்டார். அவர் ஊரிலும் புளிய மரம் உண்டாம். "அப்பிடி இல்லீங்கம்மா, இந்தப் பக்கம் திருப்பித் தட்டுங்க" என்று செல்லி தமிழில் சொல்ல, அவர் தம் மொழியில் ஏதோ பதில் சொல்ல, இருவரும் விழுந்து விழுந்து சிரிக்க, எதை யாருக்கு மொழிபெயர்ப்பது என்று தெரியாமல் நான் நடுவில் நின்றேன். பக்கத்தில் இருந்த ரஹமத் பீவி இரக்கப்பட்டு, "மேடம், சும்மா நிக்கறதுக்கு உக்காந்து நாராச்சும் உருவுங்க" என்றார். உருவினேன். நான் உருவிப் போட்டதை எல்லாம் எனக்குத் தெரியாமல் அவர் மறுபடியும் உருவிக்கொண்டிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

அப்போது வஞ்சிரு அம்மையார் ஆங்கிலத்தில் கேட்டார்: "இங்கே எத்தனை பேருக்குத் தன் பெயரில் நிலம் இருக்கிறது?" ஒருவழியாக எனக்கும் வேலை வந்ததே என்று கணீரென்று மொழிபெயர்த்தேன். செல்லி கை தூக்கினார்; வத்தல்மலையில் தாய் வழியில் வந்த அரை ஏக்கர். ரஹமத் பீவி தூக்கினார். தகப்பனார் எழுதிவைத்த வீட்டுமனை. இன்னும் நான்கு கைகள். ஒன்று மலையில், மற்றவை சந்து பொந்துகளில். லாரி நிற்க எதுவும் ஆகாது. உடனே அம்மையார் என் பக்கம் விரலை நீட்டி, "உங்களுக்கு?" என்றார். அதை மொழிபெயர்க்காமல் விழுங்கப் பார்த்தேன். நீட்டிய விரல் எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

"மேடம் நம்ம காளியப்பண்ணன் தங்கச்சிங்க. அவுங்களுக்கு ரோட்டோரமாவே பூமி கெடக்குதே" என்றார் செல்லி.

"அது அண்ணன் பூமியில்ல?" என்றார் ரஹமத் பீவி.

"ஏன், தங்கச்சிக்குப் பங்கில்லயா? இம்புட்டுப் படிச்சவுங்க வுட்டுப்புட்டா வந்திருப்பாங்க?"

வுட்டுப்புட்டுத்தான் வந்தேன், அண்ணா. அப்பா தவறிய வருடம் பதிவு அலுவலகத்தில் "ஒரு கையெழுத்துதான் கண்ணு, சும்மா சம்பிரதாயம்" என்று நீங்கள் விடுதலைப் பத்திரத்தை நீட்டியபோது, நான் பெஞ்சில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். 'பெண்களுக்குச் சொத்துரிமை எட்டாமல் போவதேன்? விவரி' என்பது கேள்வி. 'படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதால்' என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். ஓரத்தில் 'மிகை' என்று சிவப்பு மையில் எழுதி இரண்டு மதிப்பெண் குறைத்துவிட்டு, பேனாவை மாற்றிக்கொண்டு, உங்கள் பத்திரத்தில் ஏழு இடத்தில் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்ததும் நீங்கள் வாங்கிக்கொடுத்த போண்டா நன்றாக இருந்தது. பச்சைப் புடவை வரத் தொடங்கியது அந்தப் பொங்கலில்தான்.

சட்டப்படி எனக்கு இப்போது ஒன்றும் இல்லை என்பது தெரியும். அதனால்தான் கேட்கிறேன். முழுப் பங்கு அல்ல. கள்ளிச் செடியும் உங்கள் உடைந்த மாட்டுவண்டியும் கிடக்கிற அந்த ரோட்டோரத்து இருபது சென்ட்டை மட்டும் என் பெயருக்கு எழுதிக்கொடுங்கள். இடம் பெண் பெயரில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. மாதக் கடைசிக்குள் காகிதம் போய்ச் சேராவிட்டால் குடோன் வேறு ஊருக்குப் போய்விடும்; பதினெட்டுப் பேரும் இந்த வருடமும் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஆத்தா வூட்டு உறவு வேணுமா, பங்கு வேணுமா என்று ஊர் கேட்கும். இரண்டும் வேணும் என்று இந்த வயதிலாவது சொல்லிப் பார்க்கிறேன். புடவை நின்றுவிடும் என்றால் நிற்கட்டும், பதினான்கு போதும். கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்தாலும் பரவாயில்லை. (முந்தைய வரியை மூன்று முறை அடித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறேன்.)

உங்கள் முழங்கால் வலி தீரவும், மாடு கிடேரிக் கன்றாக ஈனவும் வேண்டிக்கொண்டு,

பங்கு கேட்கும் அன்புத் தங்கை,
கலைமணி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் அண்ணி போன் செய்தார். "ஏங் கலை, அந்த ரோட்டோரத்து எடம் எம்பேர்லதான இருக்குது? பொம்பள பேர்ல இருந்தா பவர் டில்லருக்கு மானியம் கூடன்னு உங்கண்ணன் ரெண்டு வருசத்துக்கு முன்னாலயே மாத்திப்புட்டாரு. வரிக்கு வரி படிச்சுப் பாத்துத்தான் கையெழுத்துப் போட்டேன். நேத்துச் சாயங்காலம் செல்லி வந்து கேட்டா, குடோனுக்குத் தரேன்னு சொல்லிட்டேன். எம் புளிய மொதல்ல ஒடைக்கணும்னு மட்டும் பேச்சு" என்றார். நான் தயங்கித் தயங்கிக் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். "நாலு பக்கமா? உங்கண்ணனுக்கா? அவுரு கண்ணாடி ஒடஞ்சு ஒரு மாசமாச்சு, நாந்தான் படிச்சுக் காட்டணும்" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உம் பங்கு வேணும்னா கேளு. குடுக்கறனா இல்லியான்னு அப்பறம் பாக்கலாம். ஆனா எங்கிட்டக் கேளு" என்றார்.

ஆகவே அண்ணா, மேலே எழுதிய எதையும் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். உறைமேல் உங்கள் பெயரை அடித்துவிட்டு 'திருமதி பாஞ்சாலி' என்று எழுதியிருக்கிறேன். அண்ணி நம் வீட்டுக்கு வந்த இருபத்தாறு வருடத்தில் அவர் பெயரை நான் எழுதுவது இதுவே முதல் முறை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து அவரிடமே கேட்கிறேன். குறிப்பு எதுவும் கொண்டுவர மாட்டேன்.