காய்ச்சலிடம் தோற்ற அப்பா

எனக்கு ஆங்கிலம் அரைகுறைதான் என்பதை இருபத்தொரு வயதுவரை நான் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. ஒப்புக்கொள்ள வைத்தது ஒரே ஒரு சொல். சக்கம் (succumb). எழுதும்போது கடைசியில் ஒரு 'பி' வரும், வாயில் வராது. அந்த 'பி' எனக்குத் தெரியும் என்பதில் அப்படியொரு கர்வம். நான் வரலாற்றில் பி.ஏ. கோட்டை வீழ்ந்தது, அரசன் படையெடுத்து வந்தவனிடம் அடிபணிந்தான் என்று எழுத வேண்டிய இடத்திலெல்லாம் பரீட்சைத் தாளில் அந்தச் சொல்லைப் போட்டே தேறியவன்.

எழுபதுகளின் கடைசி. கோட்டுச்சேரியில் தாளடி நடவு முடிந்த கையோடு அப்பா காய்ச்சலில் படுத்தார். ஐந்து நாளாகக் கட்டிலை விட்டு எழவில்லை. பாண்டிச்சேரியில் கட்டிக்கொடுத்திருந்த அக்காவுக்கு ஒரு கார்டு போடச் சொன்னாள் அம்மா. (தமிழில் கார்டு எழுதவா பி.ஏ. படித்தேன்?) சைக்கிளில் காரைக்கால் தந்தி ஆபீசுக்குப் போனேன். அப்பாவைக் காய்ச்சல் வீழ்த்திவிட்டது என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு எழுதினேன்: 'ஃபாதர் சக்கம்ட் டு ஃபீவர்.'

படித்துப் பார்த்த குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றினார். "மனச தேத்திக்கங்க தம்பி" என்றார். எனக்கு முன்னால் நின்றவர்களை ஒதுங்கச் சொல்லி, என் தந்தியை முதலில் அனுப்பினார். (காய்ச்சலுக்கே இவ்வளவு பரிவா, தங்கமான மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.)

மறுநாள் காலையில் அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். அப்போதுதான் அத்தானிடமிருந்து பதில் தந்தி வந்தது. முதல் பஸ்ஸில் கிளம்புகிறார்களாம். அவர்கள் வரும்வரை 'பாடி'யை எடுத்துவிடக் கூடாதாம்.

அகராதியை எடுத்துப் புரட்டினேன். முதல் அர்த்தம், வெல்லப்பட்டு அடிபணிதல். அதற்குக் கீழேயே இரண்டாவது இருந்தது: நோயால் இறத்தல். அந்த இரண்டாவது வரிக்கு நான் அதுவரை இறங்கியதே இல்லை.

யாருடா தந்தி என்று அப்பா உள்ளேயிருந்து கேட்டார். அக்கா வருகிறாள் என்றேன். "காய்ச்சலுக்குப் போயி எதுக்கு இம்மாந்தூரம் வர்றா?" என்றார்.

மணி ஒன்பதரை. பாண்டிச்சேரி பஸ் பத்து மணிக்குமேல் எந்த நிமிஷமும் எங்களுக்கு முந்தின ஊரான பூவம் தாண்டி வந்துவிடும். தெருமுனையிலிருந்தே அக்கா மாரடித்துக்கொண்டு வந்தால் அப்பாவுக்கு என்ன ஆகும்? ஐந்து நாள் காய்ச்சலில் துவண்ட உடம்பு. என் தந்தி நிஜமாகிவிடுமோ? சட்டைகூடப் போடாமல், தோளில் கிடந்த துண்டோடு சைக்கிளை எடுத்தேன். வழியில் செயின் இரண்டு தடவை கழன்றது. பூவத்தில் பஸ்ஸின் தலை தெரிந்ததும் சைக்கிளைப் போட்டுவிட்டு நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் தூக்கினேன்.

பஸ் நின்றது. ஜன்னல் வழியே அக்கா என்னைப் பார்த்தாள். வெற்றுடம்பு, துண்டு, நாலு நாள் தாடி. எல்லாம் முடிந்து கொள்ளி வைத்துவிட்டு வந்து நிற்கிறேன் என்று அவள் நினைத்ததில் என்ன தப்பு? அவள் எழுப்பிய ஓலத்தில் பஸ்ஸே காலியானது. முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அப்பா கஞ்சி குடிக்கிறார், அப்பா கஞ்சி குடிக்கிறார் என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன். அத்தான் காதில்தான் முதலில் விழுந்தது.

"என்ன மாப்ள சொல்றே?"

"அப்பா நல்லாருக்காரு அத்தான். நான்தான் இங்கிலீஷ்ல எழுதிட்டேன்."

அக்கா அழுகையை நிறுத்தி என்னை ஓங்கி அறைந்தாள். பிறகு மறுபடி அழுதாள். கூட அழுத பெண்களில் ஒருத்தியும் தன் பங்குக்கு முதுகில் ஒன்று வைத்துவிட்டு பஸ் ஏறினாள்.

வீட்டில் அக்கா முகம் கழுவிக்கொண்டு வந்து அப்பாவின் காலடியில் உட்கார்ந்தாள். தப்பித்தோம் என்று நான் மூச்சு விட்டபோது, அப்பாவின் பார்வை அத்தானின் கைக்குப் போனது. வாழையிலையில் சுற்றிய பெரிய ரோஜா மாலை. பதற்றத்தில் அதை வழியில் எங்கேயாவது போட்டுவிட்டு வர எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

"மாலை யாருக்குங்க மாப்ள?" என்றார் அப்பா.

அம்மா கஞ்சி டம்ளரை மெல்லக் கீழே வைத்தாள். அக்கா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

அத்தான் நிதானமாக இலையைப் பிரித்து, மாலையை அப்பாவின் கழுத்தில் போட்டார். "உங்களுக்குத்தான் மாமா. காய்ச்சல ஜெயிச்சிட்டீங்கல்ல."

அப்பா கல்யாண மாப்பிள்ளைபோலக் கூச்சப்பட்டார். அன்று சாயங்காலம்வரை அதைக் கழற்றவில்லை.

அதற்குப் பிறகு அவர் பல வருஷம் நன்றாகவே இருந்தார். காய்ச்சல் விட்டதற்கு மாலை போட்ட மருமகன் இந்தக் கொம்யூன் பஞ்சாயத்திலேயே யாருக்காவது உண்டா என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்பார். கடைசிவரை அவரிடம் யாரும் உண்மையைச் சொல்லவில்லை. இப்போது எங்கள் வீட்டில் யார் தும்மினாலும் என் பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள்: "அப்பா, மாலைக்குச் சொல்லிடலாமா?"