எந்த மினிஸ்ட்ரி?

டெல்லி ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர்களுக்கு எந்தக் கஷ்டத்துக்கும் ஒரே வைத்தியம்தான் தெரியும். ஆள் எந்த மினிஸ்ட்ரி என்று விசாரித்து, அங்கே இருக்கிற தெரிந்த மாமாவுக்கு ஒரு போன் போடுவது. குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் இதுதான், மாப்பிள்ளை சரியில்லை என்றாலும் இதுதான். (இப்படி வளர்ந்த நான் கவுன்சலிங் படிக்கக் கிளம்பியது தனிக் கூத்து.)

“அடுத்தவங்க அழுறதக் கேக்குறதுக்கு ஒரு டிகிரியாட்டி?” என்றார் அப்பா. எத்தனையோ வருஷம் டெல்லியில் ஃபைல் தள்ளியும் அவருடைய திருநெல்வேலி தேயவில்லை. கடைசியில் ஒப்பந்தம் ஆனது. இந்த ஒரு இன்டர்வியூதான். சீட் கிடைக்காவிட்டால் திங்கள்கிழமை முதல் பேங்க் பரீட்சைக்குக் கோச்சிங்.

இன்டர்வியூவில் ஒரு சீனியர் மாணவியை என் எதிரே உட்கார வைத்தார்கள். அவள் மனம் உடைந்த மனைவியாக நடிப்பாள், நான் கவுன்சலராக இருக்க வேண்டும். பேராசிரியர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“என் கணவர் என்னோடு பேசுவதே இல்லை, தீதி” என்று என்னை அக்காவாக்கிக் கண்ணைத் துடைத்தாள்.

படித்த புத்தகமெல்லாம் எங்கே ஓடியதோ! “அச்சா, அவர் எந்த மினிஸ்ட்ரி?” என்றேன்.

அவள் நடிப்பை மறந்து விழித்தாள். “வி... விவசாயம்?”

“கவலையை விடுங்கள்! எங்கள் மாடி அங்கிள் அங்கேதான் இருக்கிறார். உங்கள் கணவரைக் குவாஹாட்டிக்கு மாற்றச் சொல்லலாம். தனியாகச் சமைத்துச் சாப்பிட்டால் தானாகப் பேசுவார்!”

ஒரு பேராசிரியருக்குத் தேநீர் புரையேறியது. இன்னொருவர் ஃபைலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உடனே அழுதுவிட்டேன். கோச்சிங், அப்பா, திங்கள்கிழமை என்று எல்லாவற்றையும் அந்தப் பெண்ணிடமே கொட்டினேன்.

அவள் தண்ணீரை என் பக்கம் நகர்த்திவிட்டு, நான் முடிக்கும்வரை காத்திருந்தாள். யோசனை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நெஞ்சு லேசானது.

“இப்போது அவள் உனக்கு என்ன செய்தாள்?” என்று கேட்டார் புரையேறிய பேராசிரியர்.

“கேட்டாள், மேம். எங்கள் வீட்டில் அதற்குள் போனை எடுத்திருப்பார்கள்.”

காத்திருப்போர் பட்டியலில் கடைசிப் பெயர் என்னுடையது. யாரோ ஒரு புண்ணியவதி கடைசி நேரத்தில் வேறு கல்லூரிக்குப் போனதால் சீட் கிடைத்தது. அவள் நன்றாக இருக்கட்டும்.

இப்போது ஒரு பள்ளியில் கவுன்சலராக இருக்கிறேன். வீட்டில் யார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் மற்றவர்கள் “எந்த மினிஸ்ட்ரி?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அதிகம் கேட்டவர் அப்பாதான்.

அவர் ரிடையர் ஆன சில நாளில் பால்கனியில் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்துத் தொண்டையைச் செருமினார்.

“சொல்லுதேன். ஆனா யாருக்கும் போன் போட்டுராதட்டி.”

போனை உள்ளே வைத்துவிட்டு வந்தேன்.