ஜெயபாண்டியின் தீக்குச்சிச் சோதனை

சிம்மக்கல்லில் குக்கர் காஸ்கெட் விற்கிற ஜெயபாண்டி, தன் நாற்பத்தாறாவது வயதில் ஒரு மாபெரும் முடிவெடுத்தார். எப்பாடுபட்டாவது சொந்தப் பெண்டாட்டியை மறுபடியும் பக்கத்தில் வரவழைத்துவிடுவது என்று.

சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டிலும் இதே கதை இருக்கலாம். முத்துமீனா ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். இந்த வாரம் காலை டூட்டி, அடுத்த வாரம் நைட் டூட்டி. காலை டூட்டி வாரத்தில் இவர் வருவதற்குள் அவள் தூங்கியிருப்பாள். நைட் வாரத்தில் இவர் ஷட்டரை இறக்கிவிட்டு தல்லாகுளம் வீட்டுக்கு வரும்போது அவள் ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டிருப்பாள். வாசலில் சாவி கைமாறும்போது விரல் படும். அம்புட்டுதான். மகள் பவதாரிணி கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போனால் வீடு நம்முடையது என்று மனுஷன் கணக்குப் போட்டிருந்தார். மகள் போனாள். மடிக்காத துணிமூட்டை ஒன்று வந்து கட்டிலின் நடுவில் உட்கார்ந்துகொண்டது. அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் இவர்.

காதலிக்காக ஏங்கினால் நாலு பேர் டீ வாங்கிக் கொடுத்து ஆறுதல் சொல்வார்கள். இருபது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிற பெண்டாட்டிக்காக ஏங்குகிறேன் என்றால் டாக்டரைப் பார்க்கச் சொல்வார்கள். ஜெயபாண்டி ஏங்கினார். அவள் தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் வாசனை தலையணையில் இருக்கும். அதை மோந்துகொண்டே தூங்கிப்போவார்.

'மீனா, எனக்கு நீ வேணும்.' மொத்தம் நாலே வார்த்தை. அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டுதான், புருஷன் பெண்டாட்டி நெருக்கத்துக்கென்று விற்கிற அந்தரங்கப் பொம்மைகளைப் பற்றி போனில் படித்தார். ஒன்றை வாங்கி அவள் கையில் கொடுத்துவிட்டால் நாம் வாயைத் திறக்க வேண்டியதில்லை பாருங்கள்! கடை விலாசத்துக்கு ஆர்டர் போட்டார். பலே கில்லாடி என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

முதல் பார்சல் வந்தது. பிரித்ததும் புது மழைச்செருப்பு நாற்றம் குப்பென்று அடித்தது. அமுக்கினால் விரலில் பிசுபிசுவென்று எண்ணெய். இருபத்திரண்டு வருஷ ரப்பர் மூக்கு சும்மா இருக்குமா? "சீ, பிளாஸ்டிக்கை எண்ணெய் ஊத்தி இளக்கிருக்கான். இது உடம்புல பட்டா என்னத்துக்கு ஆகும்!" தூக்கிக் குப்பையில் போட்டார்.

இரண்டாவது வந்தது. பெட்டியில் கொட்டை எழுத்தில் 'மருத்துவத் தர சிலிக்கான்' என்றிருந்தது. பெட்டி என்ன வேண்டுமானாலும் சொல்லும். ஜெயபாண்டியின் கடையில் ஒரு சட்டம் உண்டு. எந்தச் சரக்கு வந்தாலும் ஓரத்தில் கத்தரியால் ஒரு நறுக்கு, அந்தத் துணுக்குக்கு ஒரு தீக்குச்சி. கரும்புகை வந்தால் போலி. வெள்ளைச் சாம்பலாக உதிர்ந்தால் அசல் சிலிக்கான். ஊரார் வீட்டு சாம்பாருக்கே இம்புட்டுப் பார்க்கிறவர் கட்டின பெண்டாட்டிக்குப் பார்க்க மாட்டாரா? நறுக்கினார். கொளுத்தினார். கடை முழுக்கக் கரும்புகை.

பக்கத்து பைப் கடை விருமாண்டி அண்ணன் எட்டிப் பார்த்து, "என்ன மாப்ள, கரண்டு வயர் எரியுதா?" என்றார்.

"இல்லண்ணே. என் வயிறுதான் எரியுது."

இனி நிபுணரைக் கேட்டால்தான் ஆச்சு. வீட்டிலேயே ஒரு நிபுணர் இருக்கிறார். மறுநாள் மத்தியானம் அவள் ரசம் ஊற்றும்போது மெதுவாக ஆரம்பித்தார்.

"மீனா, உடம்புக்குள்ள படுற சாமானுக்கெல்லாம் எது பாதுகாப்பு?"

"யாருக்குக் கேக்குறீங்க?"

"விருமாண்டி அண்ணனுக்கு." வாயில் வந்த பேர் அது.

"முட்டி ஆபரேஷன் பண்ணிட்டு வாக்கர்ல நடக்குறாரே, அவருக்கா?"

"ஆமா. அந்த... முட்டிக்குத்தான்."

"முட்டிக்கு!" முத்துமீனா ரசக் கரண்டியைக் கீழே வைத்தாள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. "சரி, அண்ணன்கிட்ட சொல்லுங்க. நாத்தம் வந்தா தொடவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கிற பொருள் ஆகாது, எம்புட்டுக் கழுவினாலும் கிருமி உள்ளயே உக்காந்துக்கும். நல்ல சிலிக்கான், இல்ல ஸ்டீலு. ஒட்டுப் போடாம ஒரே வார்ப்பா இருக்கணும். மோட்டார் இல்லாததுன்னா கொதிக்கிற தண்ணியில போட்டு எடுக்கலாம். வழுக்குறதுக்கு, தண்ணியில கரையுற ஜெல் மட்டும்தான். சிலிக்கான் ஜெல்லு போட்டா சிலிக்கானே கெட்டுப்போகும்."

ஜெயபாண்டி சோற்றை மறந்து மனப்பாடம் பண்ணினார்.

"இன்னொண்ணும் சொல்லுங்க. அவசரப்பட வேணாம். அதுக்காக அண்ணன் ரொம்பத் தாமதமும் பண்ண வேணாம்."

"முட்டிக்கா?"

"முட்டிக்குத்தான். ரசத்தக் குடிங்க, ஆறுது."

அன்றைக்கே மூன்றாவது ஆர்டர் போட்டார். நீலக் கலர். வந்ததோ அரக்குக் கலர். முத்துமீனாவின் கல்யாணச் சேலைக் கலர்! அனுப்பியவன் தப்பும் நல்ல தப்பாகத்தான் பண்ணியிருக்கிறான் என்று நினைத்தார். மோந்து பார்த்தார், நாற்றமே இல்லை. ஒட்டில்லை, பிசுக்கில்லை, வழுவழுவென்று ஒரே வார்ப்பு. அடித்தட்டின் ஓரத்தில் ஒரு நறுக்கு. ஒரு தீக்குச்சி. துணுக்கு வெள்ளைச் சாம்பலாக உதிர்ந்தது. கல்லாப்பெட்டி மேல் கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். இருபத்திரண்டு வருஷத்தில் எந்தச் சரக்குக்கும் அவர் சாமி கும்பிட்டதில்லை.

புதன்கிழமை அவளுக்கு வார லீவு. மத்தியானமே ஷட்டரை இறக்கிவிட்டு, காஸ்கெட் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். படுக்கையறைக்குள் நுழைந்ததும் திகைத்துப் போனார். கட்டிலில் துணிமூட்டை இல்லை. எல்லாம் மடித்து அலமாரிக்குள் போயிருந்தது. முத்துமீனா தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒத்திகை பார்த்த வசனமெல்லாம் பறந்துபோனது. பையை நீட்டினார்.

அவள் பிரித்தாள். பிறந்த குழந்தையைச் சோதிப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடித்தட்டில் கட்டைவிரல் நின்றது.

"என்ன இது?"

"டெஸ்ட் பண்ணேன் மீனா. அசல் சரக்கு. வெள்ளைச் சாம்பல்!"

"நறுக்குனீங்களா?"

"ஓரத்துல துளியூண்டு."

"பிசிறு பிசிறா நிக்குது. உடம்புல பட்டா கீறிவிடும், இடுக்குல அழுக்குத் தங்கும். போச்சு. இத இனிமே கதவுக்கு அண்டக் கொடுக்கத்தான் ஆகும்."

ஜெயபாண்டி கட்டிலின் மறு ஓரத்தில் போய் உட்கார்ந்தார். மூன்று வாரம், மூன்று பார்சல், ஒரு விருமாண்டி. கண்ணே கலங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் அந்த நாலு வார்த்தை வெளியே வந்தது.

"மீனா, எனக்கு நீ வேணும்."

அவள் கையிலிருந்ததைத் தலையணை மேல் வைத்தாள். பிறகு நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் வந்து, அவர் தோளில் ஈரத்தலையைச் சாய்த்தாள். சட்டை நனைந்தது. அவர் அசையாமல் இருந்தார்.

"இதச் சொல்ல மூணு வாரமா? உங்க போன்ல அந்த ஆர்டர் போடுற கணக்கு யாரு நம்பர்ல இருக்கு?"

ஜெயபாண்டி யோசித்தார். முதுகு வேர்த்தது. "உன் நம்பர்ல."

"முதல் பார்சல்லருந்து எல்லா மெசேஜும் எனக்குத்தான் வருது. ஒவ்வொரு நாளும் இன்னைக்குச் சொல்லுவாரு, நாளைக்குச் சொல்லுவாருன்னு பாத்தேன். எனக்கு மட்டும் ஏக்கம் இல்லையா? நீங்க நீலத்துல போட்டீங்களே, அது கலப்படம். கீழ பொடி எழுத்துல போட்டிருந்தான். அத கேன்சல் பண்ணிட்டு அரக்கு போட்டது நான்தான்."

"அடிப் பாவி! அப்ப விருமாண்டி அண்ணன் முட்டி?"

"சீக்கிரம் குணமாகட்டும்."

ஜெயபாண்டி சிரித்தார், நறுக்குப்பட்டதைப் பார்த்து மறுபடியும் முகம் சுருங்கினார். "இப்ப என்ன பண்றது? அவசரப்பட்டுக் கெடுத்துட்டேனே."

முத்துமீனா எழுந்து பீரோவைத் திறந்தாள். சேலைகளுக்கு அடியிலிருந்து வெள்ளைத் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தாள். அதே அரக்குக் கலர். கொதிக்க வைத்துத் துடைத்துத் தயாராக இருந்தது.

"உங்களோட இருபது வருஷம் குடித்தனம் பண்றேன், தெரியாதா? ரெண்டா வாங்கினேன். ஒண்ணு வீட்டு விலாசத்துக்கு, ஒண்ணு உங்க தீப்பெட்டிக்கு."