நாலு ஸ்பீக்கர் பெட்டியும் அக்காவின் நிச்சயதார்த்தமும்

எலெக்ட்ரிகல் இன்ஜினியர் என்று எந்த விண்ணப்பத்திலும் தயங்காமல் எழுதிவிடுவேன். வீட்டில் மட்டும் அதைச் சொல்லிக்கொள்வதில்லை. பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினாலே குழந்தைகளை வெளியே கூட்டிப்போய்விடுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம், தொண்ணூறுகளின் கடைசியில் நடந்த ராதா அக்காவின் நிச்சயதார்த்தம். நான் அப்போது இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். (அதாவது, எல்லாம் தெரிந்துவிட்ட வருடம்.) மாப்பிள்ளை ரமேஷுக்கு பாங்க் வேலை, கிட்டார் பைத்தியம். நிச்சயத்தன்று ஒரு பாட்டு வாசிக்க ஆசைப்பட்டு, தன் ஆம்ப்ளிஃபயரையும் ஒரு ஸ்பீக்கர் பெட்டியையும் முதல் நாளே நிச்சயம் நடக்கவிருந்த ஸ்ரீவராகத்து மண்டபத்துக்கு அனுப்பியிருந்தார். அந்த ஆம்ப்ளிஃபயரைக் கூடப்பிறந்த தங்கையைக்கூடத் தொட விடமாட்டாராம்.

"அம்பி, நீ கரென்ட் படிக்கறவனாச்சே, கனெக்‌ஷன் எல்லாம் பாத்துக்கோ" என்றார் போனில்.

மண்டபமோ பெரிது, பெட்டியோ ஒன்று. வருங்கால அத்திம்பேரின் பாட்டு கடைசி வரிசைக்குக் கேட்காவிட்டால் குடும்ப மானம் என்னாவது? கல்லூரி நண்பன், மலையாளி சஜியின் கானமேளா பாட்டுக் கச்சேரி ட்ரூப்பிலிருந்து அதே மாதிரி இன்னும் மூன்று பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றி வந்தேன்.

கூட வந்த சஜி ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்தான். "எடா, எட்டு ஓமுக்குக் கீழே போகக் கூடாதுன்னு எழுதியிருக்கு. நோக்கி, பாத்துச் செய்."

நான் சிரித்தேன். ஒரு பெட்டியின் மின்தடை எட்டு ஓம். நாலெட்டு முப்பத்திரண்டு. எட்டு எங்கே, முப்பத்திரண்டு எங்கே! "நாலு மடங்கு சேஃப்டி மோனே" என்று அவன் முதுகில் தட்டிவிட்டு, பெட்டிக்குப் பெட்டி ஒயரைச் செருகிக்கொண்டே போனேன்.

நிச்சயத்தன்று காலை பத்தரைக்குத் தட்டு மாற்றி முடித்ததும் ரமேஷ் கிட்டாரை மாட்டிக்கொண்டார். முதல் மீட்டலிலேயே ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கடைசி வரிசை மாமா ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். நான் தும்பாவில் ராக்கெட் விட்டவன் மாதிரி கைகட்டி நின்றேன்.

மூன்றாவது நிமிடம் கருகல் வாசனை.

"ஐயோ, பிரதமன் பாயசம் அடி பிடிக்கறது!" என்று அம்மா சமையல்கட்டைப் பார்த்துக் கத்தினாள்.

சமையல்காரர் கரண்டியோடு பாய்ந்து வந்தார். "மாமி, இருபது வருஷமா வெக்கறேன். என் பிரதமன் அடி பிடிக்காது, கேட்டேளா!"

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் ஆம்ப்ளிஃபயரின் முதுகிலிருந்து புகை எழுந்தது. 'டப்'. பாட்டு நின்றது. ஓடிப்போய்ப் ப்ளக்கைப் பிடுங்கினேன். (அன்று நான் உருப்படியாகச் செய்த ஒரே மின்வேலை.) சமையல்காரர் வெளியே நின்று வேடிக்கை பார்த்ததில் பிரதமன் நிஜமாகவே அடிபிடித்துப்போனது.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார். "தட்டு மாத்தின கையோட புகையா? இது நல்ல சகுனம் இல்லையாக்கும்."

அம்மாவின் கண் கலங்கியது. நான் பிடுங்கிய ப்ளக்கைப் பிடித்தபடியே நின்றேன்.

"சகுனமும் இல்லே, ஒண்ணும் இல்லே!"

பேசியது மேடையில் பட்டுப்புடவையில் இருந்த அக்கா. அவள் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் டீச்சர். "டேய், எத்தனை பெட்டிடா மாட்டினே?"

"நாலு."

"மொத்தம் எத்தனை ஓம்?"

"முப்பத்திரண்டு…"

"அசடே! பெட்டிக்குப் பெட்டி மாட்டினா, பாக்க வரிசையா இருந்தாலும் அது பேரலல்டா. சீரீஸ்னாதான் கூட்டணும், பேரலல்னா எட்டை நாலால வகுக்கணும். ரெண்டே ரெண்டு ஓம்! நாலு பெட்டியும் கரென்டை இழுத்து இழுத்து, பாவம், அது வெந்துபோச்சு. அவர் அனுப்பின ஒண்ணே போறுமே!" பிறகு குரலைத் தாழ்த்தி, "மாமா, இது சகுனம் இல்லே. இவன் போட்ட கணக்கு" என்றாள்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சாரமில்லை, போகட்டும். பொண்ணு சமர்த்து. பையன் மாத்திரம்…" என்று நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். ரமேஷ் புகைகிற ஆம்ப்ளிஃபயரைப் பார்க்கவே இல்லை. அக்காவைத்தான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்திம்பேர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும். அதற்குப் பிறகு நான் இலையில் இரண்டு அப்பளம் கேட்டால்கூட, "சீரீஸா, பேரலலா?" என்பார்.

சில வருடங்கள் கழித்து எனக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து அவருக்குத்தான் முதலில் போன் செய்தேன்.

"அத்திம்பேரே, ரெண்டு!"

"சீரீஸா, பேரலலா?"

"ஆறு நிமிஷ வித்தியாசம். சீரீஸ்" என்றேன் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"எதுக்கும் உங்க அக்காகிட்ட ஒருதரம் கேட்டுக்கோ" என்றார்.