பன்னிரண்டு ஸ்டீல் நார்

இந்த வருஷம் தோற்கக் கூடாது. பல் தேய்த்துக்கொண்டே நோயல் எடுத்த முடிவு இது. வாய் நிறைய நுரை இருந்ததால் உரக்கச் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தாலும் அந்த வீட்டில் யாரும் பயந்திருக்க மாட்டார்கள்.

ஆன்லைன் கடைக்காரன் வருஷத்துக்கு ஒரு தரம் பெரிய தள்ளுபடி போடுவான். போன வருஷம் நோயல் ஆசைப்பட்டது ஸ்பீக்கர். வீட்டுக்கு வந்தது மிக்சி. "அதுவும் சத்தம் போடும், இதுவும் சத்தம் போடும். என்னங்க பெரிய வித்தியாசம்?" என்று கேட்டவள் அவர் மனைவி அல்போன்சா. அதற்கு முந்தின வருஷம் ஷூவுக்கு ஆசைப்பட்டார். ஜன்னல் திரை வந்தது.

இந்த வருஷத்து ஆசை, ரிக்ளைனர் நாற்காலி. பக்கத்தில் இருக்கும் பிடியை இழுத்தால் கால் மேலே வரும், முதுகு பின்னால் போகும், உலகம் மறந்து போகும். பள்ளிக்கூட ஆபீசில் இருபத்தாறு வருஷமாக மர நாற்காலியில் உட்கார்ந்து முதுகைத் தொலைத்த மனுஷன் அவர். மாடி வீட்டு டிரேவர் அப்படி ஒன்றை வாங்கிப் போட்டிருந்தான். "சும்மா பார்த்துட்டுப் போறேன்" என்று ஏறிப்போய் அதில் சாய்ந்த நோயலைக் கிளப்ப, டிரேவரின் மனைவி சோஃபியா மூன்று தரம் ஹால் விளக்கை அணைத்துப் போட வேண்டியிருந்தது.

இடைஞ்சல் ஒன்றே ஒன்று. வீட்டிலிருக்கும் ஒரே கார்டு இந்த வருஷம் ஒரு பெரிய பொருளைத்தான் தாங்கும். அல்போன்சா கேட்பதோ டிஷ்வாஷர்.

பாத்திரம் தேய்க்க வந்துகொண்டிருந்த பாஞ்சாலி, மகள் பிரசவம் என்று ஆம்பூருக்குப் போய் நாலு மாசமாகிறது. "நான் எதுக்கு இருக்கேன்?" என்று நோயல் மார்தட்டிக்கொண்டு சிங்க்கில் இறங்கினார். மூன்று நாளில் நாலு கண்ணாடி டம்ளர் காலி. ஐந்தாவது டம்ளரைக் காப்பாற்ற அல்போன்சா அவருக்குக் கட்டாய ஓய்வு கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவர் சிங்க் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, இட்லியோடு பேச்சு ஆரம்பித்தது.

"என்னங்க, வெள்ளிக்கிழமை மத்தியானம் சேல் ஆரம்பம். டிஷ்வாஷர் விஷயம் யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன் அல்போன்சா. காவேரித் தண்ணியே ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருது. அந்த மெஷின் மொத்தத்தையும் குடிச்சிட்டு ஏப்பம் விடும்."

"கையால கழுவுறதுல பாதிகூட அதுக்கு ஆகாதாம்."

"கரண்ட்?"

"உங்க சேருக்கு?"

"அதுக்குக் கரண்டே வேணாம். நான் உட்கார்ந்தா போதும்."

"தெரியுமே. உட்கார்றதுக்கு மட்டும் உங்களுக்கு எதுவுமே வேணாம்."

நோயல் அடுத்த வாதத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது அவள், "சரி, விடுங்க," என்றாள். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அல்போன்சா எதையும் விட்டதாகச் சரித்திரமே கிடையாது. புத்தியுள்ள புருஷன் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். நோயல் இன்னொரு இட்லி போட்டுக்கொண்டார்.

அவள் பிரேசர் டவுனில் நாலாம் கிளாஸ் டீச்சர். பேச்சைப் பள்ளிக்கூடத்துப் பக்கம் திருப்பினாள்.

"எங்க கிளாஸ்ல ரூபினின்னு ஒரு வாலு. பரீட்சைன்னா பக்கத்துப் பேப்பரை எட்டி எட்டிப் பார்க்கும். நேத்து பக்கத்துல இருந்தவளுக்கு மட்டும் வேற கேள்வித்தாள் கொடுத்து வச்சேன். இது அதையும் எட்டிப் பார்த்து, கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் எழுதிக் கொடுத்திருக்கு!"

நோயலுக்குச் சிரித்துப் புரையேறியது. "சரியான மக்கு! டீச்சர் ஏதோ வேலை பண்ணியிருக்காங்கன்னு தோணவே தோணாதா?"

"தோணாதுங்க. எட்டிப் பார்க்கிறவங்களுக்குப் பார்க்கிறதுலதான் கவனம்," என்று அவர் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் மாடியில் ஆலோசனைக் கூட்டம் நடந்தது. டிரேவர் பக்கத்தில் நிற்க, நோயல் நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"இவ்வளவு லேசான விஷயத்துக்கா அண்ணே முழிக்கிறீங்க? அக்கா வேணுங்கறதையெல்லாம் விஷ்லிஸ்ட்ல போட்டு வச்சிருப்பாங்க. அவங்க போனை எடுங்க. டிஷ்வாஷரைத் தூக்குங்க. வெள்ளிக்கிழமை அவங்க தேடி முடிக்கறதுக்குள்ள நீங்க சேரை ஆர்டர் போட்டுடுங்க."

"பாவம் இல்லையா?"

"உங்க முதுகு பாவம் இல்லையா?"

அந்தக் கேள்விக்கு நோயலின் முதுகே பதில் சொல்லிவிட்டது.

புதன்கிழமை அல்போன்சா நொவேனா ஜெபத்துக்குக் கோயிலுக்குப் போனாள். போன பிறகு பார்த்தால், சாப்பாட்டு மேஜை மேல் அவள் போன்! குளிக்கப் போனாலும் போனைக் கொண்டுபோய் ஜன்னலில் வைக்கிறவள். ஆண்டவரே கண் திறந்துவிட்டார் என்று நோயல் சிலுவை போட்டுக்கொண்டார்.

போனில் பூட்டு இருந்தது. பூட்டுக்கு நம்பர் அவர்கள் கல்யாணத் தேதி. அவளே முன்பு சொல்லியிருக்கிறாள். நோயல் ஒரு தேதி போட்டார். தப்பு. இன்னொன்று போட்டார். அதுவும் தப்பு. வேர்த்துக் கொட்டியது. கடைசியில் ஸ்டூல் போட்டு ஏறி, சுவரிலிருந்த கல்யாண போட்டோவின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்துவிட்டு வந்து திறந்தார்.

விஷ்லிஸ்ட்டில் டிஷ்வாஷர் இல்லை.

முதல் வரியில் ஒரு ரிக்ளைனர். மாடியில் பார்த்த அதே மரக்கலர், அதே பிடி. இரண்டாவது, முதுகுவலிக்கு வைத்துக்கொள்ளும் மெத்தை. மூன்றாவது, ஆண்கள் நடப்பதற்கான ஷூ, ஒன்பதாம் நம்பர். அவர் கால் ஒன்பதாம் நம்பர். கல்யாணத் தேதி தெரியாத மனுஷனின் கால் நம்பர் அவளுக்குத் தெரிந்திருக்கிறது! நாலாவது, கை வெடிப்புக்கு ஒரு சின்ன க்ரீம். கடைசியாக, பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நார். பன்னிரண்டு கொண்ட பாக்கெட்.

பன்னிரண்டு! ஒரு வருஷத்துக்கு வரும். இன்னும் ஒரு வருஷம் தேய்க்கத் தயாராகிவிட்டாள் மகராசி. தனக்கென்று அவள் கேட்டது நாரும் க்ரீமும். நோயல் சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடப் பாவி, இவளையா ஏமாற்றப் பார்த்தேன் என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டார். போனை இருந்த இடத்திலேயே, இருந்த கோணத்திலேயே வைத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார்.

கோயிலிலிருந்து வந்தவள் கேட்டாள்: "கண்ணு ஏன் சிவந்திருக்கு?"

"வெங்காயம் நறுக்கினேன்."

"நீங்களா?"

"நறுக்கலாம்னு நெனச்சேன்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு, பள்ளிக்கூட ஆபீசின் மர நாற்காலியில் முதுகு முறுக்க உட்கார்ந்து, நோயல் டிஷ்வாஷருக்கு ஆர்டர் போட்டார். விஷயத்தைக் கேட்டதும் டிரேவர் போனில் அலறினான்.

"அண்ணே, அவங்களே லிஸ்ட்ல சேரைப் போட்டிருக்காங்க! லட்டு மாதிரி வந்ததை விட்டுட்டீங்களே!"

"நீயெல்லாம் ஒரு மனுஷனா?" என்று நோயல் வைத்துவிட்டார். வாழ்க்கையில் இவ்வளவு உயரமாக அவர் என்றைக்கும் உட்கார்ந்ததில்லை.

சாயங்காலம் செய்தியைச் சொன்னபோது அல்போன்சா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ மாதாவே! எதுக்குங்க இதெல்லாம்? உங்க சேர்?"

"சேர் கிடக்குது. உன் கையைப் பாரு. எனக்குக் கண்ணு இல்லைன்னு நெனச்சியா?"

"உங்களுக்கா கண்ணு இல்லை?" என்று அல்போன்சா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நோயல் நினைத்தார். அன்று ராத்திரி அவருக்கு முட்டைத் தொக்கு கிடைத்தது.

திங்கட்கிழமை மெஷின் வந்து இறங்கியது. சாயங்காலம் பிளம்பர் நாகேஷ் வந்தான். தெரு முழுக்க அவன்தான் குழாய் டாக்டர். நோயல் வீட்டுத் தலைவர் தோரணையில் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"நாகேஷ், தண்ணி வர ஒரு லைன் இழுக்கணும். கழிவு போக ஒரு லைன். சுவர் உடைக்கணும்னா பார்த்து உடை. ரெண்டு நாள் ஆகுமா?"

"அஞ்சு நிமிஷம் சார்."

"டேய், பைப் போட வேணாமா?"

"அதெல்லாம் ஆகலே ஆய்த்து சார், அப்பவே முடிஞ்சாச்சு," என்று நாகேஷ் கன்னடமும் தமிழுமாகச் சொல்லிக்கொண்டே சிங்க்குக்கு அடியில் இருந்த கதவைத் திறந்தான். பளபளவென்று புதுக் குழாய். அதன் மேல் ஒரு மூடி. "ரெண்டு வாரம் முன்னாடியே மேடம் போட வச்சுட்டாங்களே, நீங்க பார்க்கலையா?"

நோயல் கணக்குப் போட்டார். நொவேனா நடந்தது போன புதன்கிழமை. குழாய் வந்தது அதற்கும் முன்னால்.

"மெஷினே வாங்கலையே மேடம், இப்பவே எதுக்குன்னு கேட்டேன் சார். சார் வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆர்டர் போடுவார்னாங்க. அவருக்குச் சேர் மேலதான் ஆசைன்னும் சொன்னாங்க. அப்போ அவரு சேர் வாங்கிட்டா என்ன பண்றதுன்னும் கேட்டேன். சே சே, எங்க வீட்டுக்காரர் அப்படிப்பட்டவர் இல்லைன்னுட்டாங்க."

நாகேஷ் குழாயை மாட்டினான். சொன்னபடி அஞ்சே நிமிஷம். நோயல் மெல்லத் திரும்பினார். அல்போன்சா வாசற்படியில் சாய்ந்துகொண்டு, பரீட்சைப் பேப்பர் கட்டைக் கையில் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"அல்போன்சா... அன்னைக்கு அந்தப் போனு..."

அவள் தலை நிமிராமல் ஒரு பேப்பரில் டிக் அடித்தாள்.

"ரூபினிகூட எட்டிப் பார்க்கிறதை விட்டுடுச்சுங்க."